வலையைப் பெரிதாக்கினால் வளையக் கணக்கு மாறுகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் இறுதி வருட ப்ரொஜெக்டுக்குப் பல்பகுதிய வலைகளை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் முனைகளில் மாட்டி உருவாகும் வலைகளை) கம்ப்யூட்டரில் கட்டிப் பார்க்கும் தம்பி தங்கச்சிமார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, பெட்டியைப் பெரிசாக்கினதும் வளையத்தின்ட எண்ணிக்கை மாறுது, எது சரி?" இதற்கு ஒற்றை விடை கிடையாது, ஏனென்றால் மாற்றம் மூன்று இடங்களில் இருந்து வரலாம். ஒன்று உண்மையான இரசாயனம், இரண்டாவது பெட்டி (வலையைக் கட்டும் கற்பனைக் கனசதுரம்) சின்னதாக இருப்பதன் விளைவு, மூன்றாவது நீங்கள் வளையத்தை எண்ணும் முறை. பெரிய பெட்டிக்கு ஓடுவதற்கு முன் மூன்றாவதைத்தான் முதலில் பாருங்கள், அதற்குச் செலவு அரை மணி நேரம்தான். பக்க நீளத்தை இரட்டிப்பாக்கினால் மணிகளின் (ஒரு சங்கிலியைக் கோத்த மணிகளின் வரிசையாகத்தான் கம்ப்யூட்டரில் காட்டுகிறோம்) எண்ணிக்கை எட்டு மடங்காகிவிடும், ஆய்வுகூடத்தில் நாலு பேர் பங்குபோடும் ஒரு மெஷினில் அது வாரக்கணக்கு.

சொற்களில் குழப்பம் வேண்டாம். நான்கு கை உள்ள குறுக்கிணைப்பியைச் சந்தி என்கிறேன். ஒரு சங்கிலியின் இரண்டு முனையும் ஒரே சந்தியில் மாட்டினால் முதல்நிலை வளையம், இரண்டு சங்கிலிகள் ஒரே இரண்டு சந்திகளை இணைத்தால் இரண்டாம்நிலை வளையம், மூன்று சங்கிலி மூன்று சந்தி என்றால் மூன்றாம்நிலை, அப்படியே மேலே.

எந்த அறிகுறிக்கும் முன்னால் ஒரு தாளில் மூன்று எண்களை எழுதுங்கள்: சங்கிலிகளின் எண்ணிக்கை, பெட்டியின் பக்க நீளம், சங்கிலியின் முனைக்கு முனைத் தூரத்தின் வர்க்க சராசரி மூலம். உதாரணத்துக்கு எல்லோரும் பாவிக்கும் கிரெமர்–கிரெஸ்ட் மணிச்சங்கிலி மாதிரியை எடுப்போம், அடர்த்தி 0.85, சங்கிலிக்கு 50 மணி, நீளங்கள் எல்லாம் மணியின் விட்டத்தை அலகாகக் கொண்டவை. முனைத் தூரம் ஏறக்குறைய 9. பக்கம் 20 உள்ள பெட்டியில் 6,800 மணி, அதாவது 136 சங்கிலி, 68 சந்தி (சந்திகளைத் தனி மணிகளாகச் சேர்த்தால் கொஞ்சம் மாறும், அதை விடுங்கள்). பக்கம் 40 என்றால் 1,088 சங்கிலி, 544 சந்தி. முதல் பெட்டியில் பக்கம் முனைத் தூரத்தைப் போல 2.2 மடங்கு, இரண்டாவதில் 4.4 மடங்கு. இந்த மடங்கு கீழே திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

அறிகுறி: பெட்டி பெரிதாகப் பெரிதாக முதல்நிலை வளையங்களின் சதவீதம் இறங்கிக்கொண்டே போகிறது

முதலில் பார்க்க வேண்டியது செறிவு. இயக்க மொன்டே கார்லோ முறையில் (அடுத்து எந்த இரண்டு முனை தாக்கமடையும் என்று நிகழ்தகவுப்படி எழுமாறாகத் தேர்ந்து போகும் முறை) வலை கட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். அந்த முறையில் இரண்டு முனைகள் தாக்கமடையும் நிகழ்தகவில் ஒரு பகுதி கனவளவின் நேர்மாறாக இருக்கும், ஏற்கெனவே சங்கிலிகளால் தொடுக்கப்பட்ட முனைகளுக்கு மட்டும் அதோடு இன்னொரு பகுதி கூடும், அது இடையில் உள்ள சங்கிலிகளின் தூரத்தை மட்டும் பொறுத்தது. மூலக்கூறுகளை எட்டு மடங்காக்கிவிட்டு உள்ளீட்டுக் கோப்பில் கனவளவைப் பழையபடியே விட்டால் நீங்கள் கட்டுவது பெரிய வலை இல்லை, எட்டு மடங்கு செறிவான வலை. செறிவு கூடினால் வளையம் குறைவது உண்மையான இரசாயனம், ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது விடை அல்ல. சங்கிலி எண்ணிக்கையைக் கனவளவால் பிரித்து இரண்டு ஓட்டத்திலும் ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள்.

செறிவு சரி என்றால், உங்கள் மாதிரியில் இடம் என்ற ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். சிலர் சங்கிலி முனைகளையும் சந்திக் கைகளையும் எழுமாறாகச் சோடி சேர்த்து விடுவார்கள், தூரம் எதுவும் கணக்கில் இல்லை. அப்படிக் கட்டிய வலையில் சிறு வளையங்களின் எண்ணிக்கை வலையின் அளவைப் பொறுத்ததே இல்லை. நான்கு கைச் சந்திகள் முழுமையாகத் தாக்கமடைந்தால் சராசரியாக முதல்நிலை வளையம் 1.5, இரண்டாம்நிலை 2.25, மூன்றாம்நிலை 4.5, நூறு சந்தி போட்டாலும் இலட்சம் சந்தி போட்டாலும் இதே எண்கள்தான். (கணக்கு இது: கைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து, வளைய நிலையின் அடுக்குக்கு உயர்த்தி, நிலையின் இரு மடங்கால் பிரியுங்கள்.) எண்ணிக்கை நிலையாக நின்றால் சதவீதம் அளவுக்கு நேர்மாறாக விழத்தானே வேண்டும். ஆகவே சதவீதத்தை மறந்து எண்ணிக்கையை வரைபில் போடுங்கள். பல ஓட்டங்களின் சராசரி 1.5ஐச் சுற்றி நின்றால் உங்கள் நிரல் சுத்தம். ஆனால் அந்த மாதிரியை வைத்து உண்மையான ஜெல்லின் வளையத்தைப் பற்றிப் பேச முடியாது, ஏனென்றால் உண்மையான ஜெல்லில் ஒரு சங்கிலியின் மறுமுனை எப்போதும் பக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே சிறு வளையத்தின் பங்கு பெரிய அளவில் ஒரு நிலையான எண்ணில் போய் நிற்க வேண்டும்.

இடமும் இருக்கிறது, செறிவும் சரி, இன்னும் இறங்குகிறது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி: சின்னப் பெட்டியில் மட்டும் வளையம் அதிகமாகத் தெரிகிறது

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ப்ரொஜெக்டுகள் தடுமாறுவது இங்கேதான்.

ஆவர்த்தன எல்லை போட்ட பெட்டியில் வலப்பக்கச் சுவரால் போகும் சங்கிலி இடப்பக்கத்தால் உள்ளே வரும். அப்படிப் போய்த் தன்னுடைய பிம்பத்தோடு (அடுத்த பெட்டியில் உள்ள அதே சந்தியின் பிரதியோடு) வந்து சேரும் பாதையை உங்கள் நிரல் வளையம் என்று எண்ணும். வாவியில் வீசுகிற வலையின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்துக் குழாயாக்கினால், குழாயைச் சுற்றி ஒரு முறை போனாலும் தொடங்கின இடத்துக்கே வருவீர்கள், ஆனால் அதை வலைக்கண் என்று எந்த மீனவரும் சொல்ல மாட்டார். இந்தச் சுற்றுப்பாதைகள் பெட்டி சின்னதாக இருக்கும்போது குறுகியவை, எண்ணிக்கையிலும் அதிகம். பெட்டி பெரிதானதும் அவை நீண்டு சிறு வளையக் கணக்கில் இருந்து விலகிவிடும், அதனால் வளையம் குறைந்த மாதிரித் தெரியும்.

சோதனை இதுதான். நிரல் கண்டுபிடித்த ஒவ்வொரு வளையத்துக்கும் அதைச் சுற்றி வரும் பிணைப்புகளின் திசைக்காவிகளை எல்லாம் கூட்டுங்கள். உண்மையான வளையம் என்றால் மூன்று அச்சிலும் பூச்சியம் வரும், தசமத்தில் சின்ன வழு இருந்தால் பரவாயில்லை. 0.00, 20.00, 0.00 என்று வந்தால் அது பெட்டியை ஒரு தடவை சுற்றிய பாதை, பட்டியலில் இருந்து தூக்குங்கள். இடையில் உள்ள எண், 7.3 போல ஒன்று வந்தால் அது வளையமும் இல்லை, சுற்றுப்பாதையும் இல்லை, உங்கள் பிணைப்புப் பட்டியலில் ஏதோ விடுபட்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கூட்டலைப் பிணைப்புப் பிணைப்பாகச் செய்ய வேண்டும், சங்கிலியின் ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நேராகக் கிட்டிய பிம்பத்தை எடுக்கக் கூடாது. பிணைப்பு ஒன்றின் நீளம் 0.97 அளவுதான், அது பெட்டியின் பாதியான 10ஐ ஒருநாளும் தாண்டாது, அதனால் கிட்டிய பிம்பம் எப்போதும் சரியாக இருக்கும். முழுச் சங்கிலி அப்படி இல்லை. சராசரி முனைத் தூரமே 9 என்றால் ஏதாவது ஓர் அச்சில் 10ஐத் தாண்டும் சங்கிலிகள் கணிசமாக இருக்கும், அவற்றில் எல்லாம் கிட்டிய பிம்பம் தவறான பக்கத்தைக் காட்டும். லாம்ப்ஸ் (LAMMPS) என்ற மூலக்கூறு இயக்க நிரலைப் பாவிப்பவர்கள் சுருட்டாத (பெட்டிக்குள் மடிக்காத) ஆள்கூறுகளையோ, மணி பெட்டியை எத்தனை தடவை கடந்தது என்று சொல்லும் பிம்பக் கொடிகளையோ சேமித்திருந்தால் வேலை சுலபம். சேமிக்காவிட்டாலும் பிணைப்பு வழியாக மணி மணியாக நடந்து திரும்பக் கட்டலாம், ஓட்டத்தைத் திரும்பப் போடத் தேவையில்லை.

சுற்றுப்பாதைகளைத் தூக்கிய பிறகு சின்னப் பெட்டியும் பெரிய பெட்டியும் முதல்நிலை, இரண்டாம்நிலை வளையங்களில் ஒத்துப்போனால் வேலை முடிந்தது. உயர்நிலை வளையங்கள் மட்டும் ஒத்துப்போகாவிட்டால் பெட்டி உண்மையிலேயே போதாது. பக்க நீளத்தை முனைத் தூரத்தால் பிரித்து மேல் முழு எண்ணுக்குப் போங்கள், அந்த எண்ணில் இருந்து மேலே உள்ள எந்த நிலை வளையத்தையும் அந்தப் பெட்டியில் நம்ப வேண்டாம். பக்கம் 20 என்றால் மூன்றாம்நிலையிலேயே சந்தேகம் தொடங்குகிறது, 40 என்றால் ஐந்தாம்நிலையில். இது தோராய விதி, நீட்சியடைந்த சங்கிலி இதற்குக் கீழேயும் சுற்றுப்பாதை போடும், ஆனால் அது அரிது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உங்கள் ப்ரொஜெக்டுக்கு ஆறாம் ஏழாம்நிலை வளையம் கட்டாயம் தேவை, பெட்டியைப் பெரிதாக்க மெஷின் இடம் கொடுக்கவில்லை என்றால் மேற்பார்வையாளரிடம் போய்க் கணினிக் கொத்தில் நேரம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். மேசைக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம்.

அறிகுறி: இரண்டாம்நிலை வளையம் எப்போதும் பூச்சியம்

எந்த அளவு வலையிலும் பூச்சியமா? அப்படியென்றால் அது பௌதிகம் இல்லை. பைத்தனில் வலைகளை ஆராயும் நெட்வொர்க்எக்ஸ் நூலகத்தைப் பாவிக்கும்போது சாதாரண கிராஃப் வகையில் வலையை ஏற்றினால் ஒரே இரண்டு சந்திகளுக்கு இடையே உள்ள இரண்டு சங்கிலிகளும் ஒன்றாகிவிடும், இரண்டாம்நிலை வளையம் சத்தமில்லாமல் மறைந்துவிடும். ஏற்றிய பிறகு விளிம்புகளை (கிராஃபில் சந்திகள் கணுக்கள், சங்கிலிகள் விளிம்புகள்) எண்ணிப் பாருங்கள், 136 சங்கிலிக்கு 129 விளிம்பு காட்டினால் ஏழு காணாமல் போயிருக்கிறது.

மல்டிகிராஃப் வகைக்கு மாறலாம், ஆனால் வளையம் தேடும் சில ஃபங்க்ஷன்கள் அதை ஏற்காது. எனக்குப் பிடித்த வழி ஒவ்வொரு சங்கிலியின் நடுவிலும் இரண்டு பொய்க் கணுக்களைச் செருகுவது. அப்போது ஒரு சங்கிலி மூன்று விளிம்பாகும், முதல்நிலை வளையம் முக்கோணமாகும், இரண்டாம்நிலை ஆறு விளிம்பு வளையமாகும், கிடைக்கும் நீளத்தை மூன்றால் பிரித்தால் நிலை வந்துவிடும். சாதாரண கிராஃபிலேயே எல்லாம் ஓடும்.

அறிகுறி: சராசரி வளைய நீளம் பெட்டியோடு ஏறிக்கொண்டே போகிறது

எளிய காரணம்: சைக்கிள் பேசிஸ் என்ற ஃபங்க்ஷனைப் பாவித்திருப்பீர்கள். அது முதலில் வளையமே இல்லாமல் எல்லாக் கணுக்களையும் இணைக்கும் ஒரு பரவுமரம் கட்டி, மிச்ச விளிம்பு ஒவ்வொன்றாலும் ஒரு வளையத்தை மூடுகிறது. மரம் உயரமாக உயரமாக வளையமும் நீளும், அது உங்கள் ஜெல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, மரத்தைப் பற்றித்தான் சொல்கிறது. தொடக்கக் கணுவை மாற்றி இன்னொரு தடவை ஓட்டுங்கள். நீளப் பரம்பல் மாறினால் இதுதான் பிழை. மினிமம் சைக்கிள் பேசிஸுக்கு மாறுங்கள், அல்லது ஒவ்வொரு சங்கிலியையும் தற்காலிகமாக எடுத்துவிட்டு அதன் இரண்டு முனைச் சந்திகளுக்கும் இடையே மிகக் குறுகிய பாதையைத் தேடுங்கள். இரண்டாவது வழி வேகமானது, ஒரு சங்கிலி இருக்கும் மிகச் சிறிய வளையம் எது என்று நேரடியாகச் சொல்லும்.

இதையெல்லாம் திருத்திய பிறகும் ஏறுகிறது, மாதிரியில் இடமும் இல்லை என்றால், அது சரியான விடை. எழுமாற்று வலையில் வளையத்தின் வழமையான நீளம் சந்தி எண்ணிக்கையின் மடக்கையோடு வளரும். நான்கு கைச் சந்திக்கு மடக்கையின் அடி 3, ஆகவே ஆயிரம் சந்திக்கு 6 அளவில், பத்து இலட்சத்துக்கு 12 அல்லது 13 அளவில்.

அறிகுறி: அளவை மாற்றாமலே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எண் துள்ளுகிறது

136 சங்கிலியில் 5 சதவீதம் வளையம் என்றால் ஏழு வளையம்தான். ஏழின் வர்க்கமூலம் 2.6, அதாவது ஒரு ஓட்டத்தில் நாலும் அடுத்ததில் பத்தும் வருவது முழுக்க வழமையானது. இதை அளவின் விளைவு என்று எழுதி, அதற்கு விளக்கமும் கண்டுபிடித்த அறிக்கைகளைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது, அவ்வளவு உழைப்பும் வீண். எழுமாற்றுச் சீட் எண்ணை (நிரலின் எழுமாற்றுத் தெரிவுகளைத் தொடக்கி வைக்கும் எண்ணை) மாற்றிப் பல ஓட்டம் போடுங்கள், வரைபில் நியம விலகலையும் காட்டுங்கள். சின்னப் பெட்டி எட்டு ஓட்டம் போட்டால் துள்ளல் ஒரு பெரிய பெட்டியின் அளவுக்குக் குறையும். ஆனால் சுற்றுப்பாதையால் வரும் சாய்வு எத்தனை ஓட்டம் போட்டாலும் அப்படியே இருக்கும். இரண்டையும் குழப்பாதீர்கள்.

அறிகுறி: ஜெல் புள்ளி பாடப்புத்தக எண்ணுக்கு ஒத்துவரவில்லை

ஃப்ளோரியும் ஸ்டொக்மேயரும் 1940களில் தந்த கணக்கின்படி இருமுனைச் சங்கிலியும் நான்கு கைச் சந்தியும் சம அளவில் இருந்தால் ஜெல் புள்ளி (பெட்டி முழுவதும் பரவும் ஒரே வலை முதலில் தோன்றும்போது தாக்கமடைந்திருக்கும் முனைகளின் பங்கு) 0.577, மூன்று கை என்றால் 0.707. அந்தக் கணக்கில் வலை முடிவிலி, வளையம் கிடையாது.

சம அளவா என்று முதலில் எண்ணுங்கள்: நான்கு கை என்றால் சங்கிலி சந்தியைப் போல இரு மடங்கு இருக்க வேண்டும். அடுத்து, ஜெல் புள்ளியை எப்படித் தீர்மானித்தீர்கள்? பெரிய கொத்து (ஒன்றோடொன்று இணைந்த மிகப் பெரிய துண்டு) "பெரிதாகிவிட்டது" என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் அது ஆளுக்கு ஆள் மாறும். பெரிய கொத்தை விலக்கி மிச்சக் கொத்துகளின் நிறைச் சராசரி உச்சம் தொடும் இடத்தை எடுங்கள். அதுவும் சின்ன வலையில் மழுங்கிய உச்சமாகத்தான் இருக்கும். எழுமாற்று இணைப்பில் அந்த மழுங்கல் அளவின் கனமூலத்துக்கு நேர்மாறாகச் சுருங்கும், எட்டு மடங்கு பெரிதாக்கினால் பாதியாகும். குறைந்தது மூன்று அளவில் ஓட்டி, புள்ளி எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். போய் நிற்கும் இடம் 0.577க்கு மேலே இருந்தால் கவலை வேண்டாம், சிறு வளையங்கள் இணைப்புகளை வீணாக்குவதால் ஜெல் பிந்துகிறது, அது உண்மை. கீழே இருந்தால் நிரலைத் திரும்பப் பாருங்கள்.

அறிகுறி: மட்டு (ஜெல்லின் விறைப்பு) எதிர்பார்த்ததை விடக் கூட அல்லது குறைய

ஃபான்டம் வலைக் கணக்குக்கு (சங்கிலிகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போகலாம் என்று வைத்து மட்டைக் கணிக்கும் முறை) வளையத் தரம், அதாவது ஒன்றையொன்று சாராத வளையங்களின் எண்ணிக்கை, வேண்டும்: சங்கிலிகளில் சந்திகளைக் கழித்து, தனித்தனித் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். எல்லாம் ஒரே துண்டாகத் தாக்கமடைந்திருந்தால் 136, 68, 1 என்பதற்கு 69. அந்த ஒன்றை விட்டுவிட்டால் சின்னப் பெட்டியில் ஒன்றரை சதவீதம் பிழைக்கும், பெரியதில் தெரியவே தெரியாது. ஜெல்லோடு சேராமல் தனியே கிடக்கும் துண்டுகளை முதலே விலக்கி விடுங்கள்.

குறைய வருகிறது என்றால் முதல்நிலை வளையங்களைப் பாருங்கள். ஒவ்வொன்றும் வளையத் தரத்தில் ஒன்றைக் கூட்டும், ஆனால் விசை எதையும் தாங்காது. எண்ணிக் கழிக்க வேண்டும். இரண்டாம்நிலையும் அதற்கு மேலும் பகுதியளவில்தான் பலவீனப்படுத்தும். அந்தக் கணக்கை 2016இல் எம்.ஐ.டி.யின் ஜோன்சன், ஓல்சன் குழுக்கள் பரிசோதனையோடு சேர்த்துத் தந்திருக்கின்றன, அந்த வழியில் போகலாம்.

கூட வருகிறது என்றால், மூன்று அச்சிலும் அழுத்தம் சமமா என்று பாருங்கள். சமமில்லாவிட்டால் சின்னப் பெட்டியில் சுற்றுப்பாதைகள் இறுகிப் போயிருக்கின்றன, பெரிய பெட்டிதான் வழி. சமமாக இருந்தும் கூட வருகிறது என்றால் அது சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் சிக்கல்களின் வேலையாக இருக்கலாம். கிரெமர்–கிரெஸ்ட் மாதிரியில் சிக்கல் நீளம் 85 மணி அளவு, சங்கிலி அதை நெருங்கினாலோ தாண்டினாலோ ஃபான்டம் கணக்கு போதாது. இந்த இடத்தில் நீங்களே சமன்பாட்டைத் திருத்த முயலாமல் பல்பகுதியப் பௌதிகம் படித்த ஒருவரிடம் போங்கள்.

அறிகுறி: நிரல் முடியவே இல்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது

முடியவே இல்லை என்றால் எல்லா வளையங்களையும் பட்டியலிடச் சொல்லியிருப்பீர்கள். அந்த எண்ணிக்கை வலையின் அளவோடு அடுக்குக்குறி வேகத்தில் ஏறும், எந்த மெஷினும் தாங்காது. நீள வரம்பு போடுங்கள், நெட்வொர்க்எக்ஸின் சிம்பிள் சைக்கிள்ஸ் 3.1 பதிப்பில் இருந்து அதை ஏற்கிறது.

பாதியில் நின்றது என்றால் கரண்டைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்கு மட்டக்களப்பில் கரண்ட் போய்வருவது புதிதில்லை. மீள்தொடக்கக் கோப்பை அடிக்கடி எழுத விடுங்கள், திரும்பத் தொடங்கியதும் பிணைப்புகளை எண்ணி நின்ற இடத்தோடு ஒப்பிடுங்கள். தாக்கம் பாதியில் நின்ற வலையை முழு வலை என்று எண்ணினால் வளையக் கணக்கு குறைவாக வரும், அதுவும் நேரம் கூட எடுக்கும் பெரிய பெட்டியில்தான் இது நடக்கும், பார்ப்பதற்கு அச்சொட்டாக அளவின் விளைவு மாதிரியே இருக்கும். யூ.பி.எஸ். பற்றரி ஊதியிருந்தால் நீங்கள் கழற்ற வேண்டாம், தெரிந்த எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேட்க வரும்போது கையில் என்ன வேண்டும்

மேற்பார்வையாளரிடமோ வேறு யாரிடமோ போகும்போது தொடக்கத்தில் எழுதிய மூன்று எண்கள், பிணைப்புப் பட்டியல், சீட் எண், குறைந்தது இரண்டு பெட்டி அளவில் ஓடிய முடிவுகள், சுற்றுப்பாதைகளைத் தூக்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த வளைய எண்ணிக்கை, இவ்வளவையும் கொண்டு போங்கள். வரைபின் ஸ்க்ரீன்ஷொட்டை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. பிணைப்புப் பட்டியல் சின்னக் கோப்புத்தான், ஃபோனிலேயே அனுப்பலாம்.